வரிசையாக மூன்று லாரிகள்

ஒன்பது ஐம்பதுக்குப் பாலம் உடைந்தது. உடைந்த அந்த நொடியிலேயே கர்னல் அதைப் பார்த்துவிட்டாள். அவள் மட்டுமா, டிவி ஓடிக்கொண்டிருந்த வீட்டிலெல்லாம் பார்த்தார்கள். நேரலைக்கு ஏற்பாடு செய்திருந்தவளே அவள்தான்.

தலைமையகத்தின் இரண்டாவது மாடியில் அவளுடைய அலுவலகம். அறையின் ஒரு சுவர் முழுக்க டிவிப் பெட்டிகள், மொத்தம் ஐந்து. நான்கில் ஒரே காட்சி. கலங்கிப் புரண்டு ஓடும் ஆறு, அதன் குறுக்கே ராணுவம் போட்ட மிதவைப் பாலம், பாலத்தின்மேல் நிவாரணப் பொருட்களோடு வரிசையாக மூன்று லாரிகள். ஐந்தாவது பெட்டியில் யாரோ ஒருத்தி சோப்பு விற்றுக்கொண்டிருந்தாள்.

"படம் அம்சமா இருக்கு மேடம்," என்றார் சார்ஜன்ட். அலுவலகத்தின் தட்டச்சு வேலை முழுக்க அவர் கையில். வாக்கியம் கொஞ்சம் நீண்டால் ஒரு காற்புள்ளியாவது போட்டுவிட்டுத்தான் மூச்சு விடுவார் என்பதால் 'கமா' என்று பெயர்.

கர்னல் பதில் சொல்ல வாயெடுத்தபோது, இக்கரையிலிருந்து ஒரு ஆள் பாலத்தின்மேல் ஓடுவது தெரிந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வீசிக்கொண்டு, லாரிகளைப் பார்த்து எதையோ கத்திக்கொண்டு ஓடினான். இடது தோள் சற்று ஏறிய ஓட்டம். பன்னிரண்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து எலும்பு கோணலாக ஒட்டியதிலிருந்து அவன் அப்படித்தான் ஓடுவான். அவளுடைய தம்பி. பொறியாளர் படையில் கேப்டன். அந்தப் பாலத்தைப் போட்டவனே அவன்தான்.

நடு லாரிக்குக் கீழே இரண்டு மிதவைகளின் இணைப்பு வாய் பிளந்தது. லாரி கொஞ்சமும் அவசரப்படாமல், யாரோ கையைப் பிடித்து இறக்கிவிடுவதுபோல், பக்கவாட்டில் சாய்ந்து தண்ணீருக்குள் போனது. ஓடிய ஆளையும் பின்பு காணவில்லை. கேமரா ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஆற்றுக்கு வந்தது. சோப்பு விற்றவளும் போய், ஐந்து பெட்டியிலும் ஆறு ஓடியது.

மேஜைமேல் இருந்த போன்கள் எல்லாம் சேர்ந்து அடிக்கத் தொடங்கின.

கர்னல் ராணுவத்தில் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம். அதில் பதினெட்டு வருஷம் மைக் முன்னால் போனது. அவள் கேட்டு வாங்கிய வேலை இல்லை அது. லெப்டினன்டாக இருந்தபோது வெடிமருந்துக் கிடங்கு ஒன்று தீப்பிடித்தது. உள்ளே வேலை செய்தவர்களின் சொந்தக்காரர்கள் முந்நூறு பேர் வாசலில் வந்து கேட்டை உலுக்கினார்கள். பெரிய அதிகாரிகள் ஆளுக்கொரு பக்கம் நழுவ, இவள் ஒரு ஜீப்பின்மேல் ஏறி நின்றாள். "எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். ஒரு மணி நேரத்துல திரும்ப வருவேன். அப்ப தெரிஞ்சதையும் சொல்றேன், தெரியாததையும் சொல்றேன்" என்றாள். சொன்னபடி ஒவ்வொரு மணிக்கும் வந்து நின்றாள். கூட்டம் கேட்டை விட்டுவிட்டு உட்கார்ந்தது. அடுத்த மாதமே அவளை மக்கள் தொடர்புப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அங்கே அவள் பேர் வாங்கினாள். கர்னல் சொன்னால் சரியாக இருக்கும் என்று பத்திரிகைக்காரர்கள் தலைப்பை அச்சுக்கு அனுப்பிவிட்டு அப்புறம் உறுதிசெய்துகொள்வார்கள். ஆனால் வருஷம் ஆக ஆக வேலையின் முகம் மாறிப்போனது. வாசலில் இருந்த பலகையை எடுத்துவிட்டு 'வியூகத் தகவல் தொடர்பு இயக்ககம்' என்று புதிதாக மாட்டினார்கள். பலகை நீண்டுபோச்சு, அறை அதேதான் என்றார் கமா. முன்பெல்லாம் நடந்ததைச் சொன்னால் போதும். இப்போது சொல்வதற்குத் தோதாக ஒன்றை நடத்திக் காட்டவும் வேண்டியிருந்தது. அதிலும் அவள் கெட்டிக்காரி ஆனாள்.

"நான் ஆத்துல பாலம் போடறேன், அக்கா காத்துல பாலம் போடறா" என்று தம்பி விசேஷ வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைப்பான். அவளும் சிரிப்பாள்.

வெள்ளம் வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அக்கரையில் எட்டாயிரம் பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ராணுவம் ஆமை வேகத்தில் வேலை செய்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. முந்தின நாள் மாலை கர்னல் ஒரு குறிப்பு எழுதினாள். பாலத்தில் ஒற்றை லாரி ஊர்ந்து போவது படத்தில் எடுபடாது. காலை ஒன்பதே முக்காலுக்கு வெயில் நேராக விழும். அந்த நேரத்தில் மூன்று லாரிகள் வரிசையாகப் பாலத்தில் இருந்தால் மக்களுக்கு நம்பிக்கை வரும். கடைசியில் ஒரு வரி: 'பொறியாளர் படையின் கருத்தைப் பெற்று.' கீழே அவள் கையெழுத்து. ஜெனரல் பச்சை மையில் சம்மதம் எழுதினார்.

இன்று காலை ஆறு ஐம்பத்தைந்துக்குத் தம்பியிடமிருந்து குரல் செய்தி வந்தது. ஏழு பத்துக்கு, ஒரு காதில் அலுவலகப் போனும் மறு காதில் இதுவுமாக அவள் அதைக் கேட்டாள்.

"அக்கா, மூணு வண்டியை ஒண்ணா ஏத்தச் சொல்லி உங்க ஆபீஸ் காகிதம் வந்திருக்கு. ராத்திரி தண்ணி ஏறியிருக்கு. ஒரு நேரத்துக்கு ஒரு வண்டிதான்னு எழுதி அனுப்பிட்டேன். மேல இருந்து பதிலே காணோம். நீ ஜெனரல்கிட்ட ஒரு வார்த்தை போட்டுடு. உன் பேச்சைக் கேப்பார்."

சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அதற்குள் ஒரு டிவிக்காரர், வண்டி நிறுத்த இடம் இல்லை என்று சண்டைக்கு வந்தார். பிறகு இன்னொருவர் வந்தார். ஒன்பதரைக்கு அவள் டிவி முன்னால் வந்து நின்றபோது அந்தச் செய்தி அவள் நினைவிலேயே இல்லை.

பத்தரைக்குப் பட்டியல் வந்தது. தண்ணீரில் விழுந்தவர்கள் பதினொரு பேர். ஏழு பேரைக் கரைசேர்த்துவிட்டார்கள். காணாமல் போனவர்கள் நான்கு பேர்: லாரி டிரைவர், சிப்பாய்கள் இருவர், கேப்டன் ஒருவர். கேப்டனின் பெயரைப் படித்துவிட்டு அவள் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

கமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தம்பியைத் தெரியும்.

"மேடம், நீங்க வேணா உள்ளே போய்க் கொஞ்சம் உக்காருங்க. போனை நான் பாத்துக்கறேன்."

"வேண்டாம். நாலு வீட்டுக்கும் ஆள் கிளம்பியாச்சா?"

"கிளம்பிட்டாங்க. கேப்டன் வீட்டுக்கு இன்னும் இருபது நிமிஷத்துல போயிடுவாங்க."

ஒரு சிப்பாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டுக்குப் போனில் சொல்லக் கூடாது. இரண்டு பேர் நேரில் போய், வீட்டார் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பெயர் வெளியே போக வேண்டும். இந்த விதிக்காகப் பல வருஷம் போராடியவள் அவளேதான். ஒரு விபத்தில் ஒரு மனைவி சமையலறையில் நின்றபடி டிவியில் கணவனின் பெயரைக் கேட்டாள். அதற்குப் பிறகு வந்த விதி.

பத்து நாற்பதுக்கு அவளுடைய சொந்தப் போன் அடித்தது. தம்பி மனைவி.

"அண்ணி, டிவியில பாலம் பாலம்னு காட்டறாங்க. அவர் போட்ட பாலமா அது?"

"ஆமாம்மா."

"ஓடறது ஒருத்தர் தெரியுது. திரும்பத் திரும்பக் காட்டறாங்க. அண்ணி, அது அவர்தானே?"

கர்னல் போனை மறு காதுக்கு மாற்றினாள். எத்தனையோ பேரிடம் 'உறுதிசெய்யப்பட்ட தகவல் வந்ததும் சொல்கிறோம்' என்று சொன்ன வாய். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அதை அவளிடம் சொல்ல மனம் ஒப்பவில்லை.

"வீட்ல வேற யார் இருக்கா?"

"பாப்பா ஸ்கூலுக்குப் போயிருக்கு. நான் மட்டும்தான். ஏன் கேக்கறீங்க?"

"டிவியை அணைச்சுடு. கொஞ்ச நேரத்துல ரெண்டு பேர் வருவாங்க. கதவைத் திற. அவங்க சொல்றதைக் கேளு. அதுவரைக்கும் நான் போனை வைக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் டிவி அணைவது கேட்டது. நாற்காலி ஒன்று இழுபடும் ஓசை.

"உசிரோட இருக்காரா அண்ணி? அதை மட்டும் சொல்லுங்க."

"எனக்குத் தெரியலம்மா. சத்தியமா தெரியல. தேடிக்கிட்டு இருக்காங்க."

பிறகு இருவரும் பேசவில்லை. எட்டு நிமிஷம் ஒருத்தியின் மூச்சை இன்னொருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். கமா மற்றப் போன்களின் ரிசீவர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். மணி அடித்தது அவள் காதில் கேட்டது. அடித்தது தம்பி வீட்டு வாசலில். கதவு திறந்தது. ஒரு ஆண்குரல், அவள் பயிற்சி கொடுத்த அதே மெதுவான குரலில், பெயரைச் சொல்லி விசாரித்தது. போன் எங்கோ மேஜைமேல் வைக்கப்பட்டது. அழுகை கேட்கவில்லை என்பதுதான் கர்னலைக் குலைத்தது.

பதினொன்றுக்கு ஜெனரல் கூப்பிட்டார்.

ஜெனரலின் அறையில் நாற்காலிகள் ஒழுங்காகத்தான் இருந்தன, ஆள்கள்தான் கலைந்து கிடந்தார்கள். அவர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். பதினொன்றரைக்குப் பத்திரிகையாளர் கூட்டத்தில் படிக்க வேண்டிய அறிக்கை. எண்ணிக்கை எல்லாம் சரியாக இருந்தது. கடைசிப் பத்தியில், 'பாலத்தின் தாங்குதிறன் குறித்துப் பொறியாளர் பிரிவு செய்த கணிப்பில் பிழை ஏற்பட்டதாக முதற்கட்டமாகத் தெரிகிறது' என்று இருந்தது.

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

"சார், கணிப்புல பிழை இல்ல. ஒரு நேரத்துக்கு ஒரு வண்டின்னு காலையில எழுதி அனுப்பியிருக்காங்க."

"வந்துது. பாத்தேன்." ஜெனரல் மறைக்கவில்லை. "பொறியாளருங்க எப்பவும் கொஞ்சம் கையிருப்பு வெச்சுத்தான் சொல்லுவாங்க. மூணு தாங்கும்னு சொன்னா அஞ்சு தாங்கும். அந்த நினைப்புல போகச் சொன்னேன். தப்பாப் போச்சு."

"அப்ப அதைத்தானே சொல்லணும்."

"கர்னல், உக்காருங்க." அவள் உட்கார்ந்தாள். "அக்கரையில எட்டாயிரம் பேர். பக்கத்துல இன்னொரு பாலம் போட்டுக்கிட்டு இருக்காங்க. சாயங்காலம் அதுல அவங்களை நடத்திக் கூட்டிட்டு வரணும். படத்துக்காக மேலிடமே லாரியை ஏத்துச்சுன்னு இப்ப சொன்னா, ஒருத்தர் பாலத்துல கால் வைப்பாங்களா? ஒரு பிரிவு கணக்குல தப்பு பண்ணிடுச்சு, திருத்திட்டோம்னு சொன்னா வருவாங்க. விசாரணையில மிச்சம் வரட்டும். நான் எங்கயும் ஓடிப் போகல."

அதில் நியாயமே இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இதைப்போன்ற நியாயங்களை அவளே எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறாள்.

"காணாமப்போன கேப்டன் உங்க தம்பின்னு எனக்குத் தெரியும்," என்றார் ஜெனரல், குரலைத் தணித்து. "இதைப் படிக்கறது உங்களுக்குக் கஷ்டம். நீங்க வீட்டுக்குப் போங்க. வேற ஆளை அனுப்பறேன். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. உங்க குறிப்பைப் பத்தியும் யாரும் பேசப் போறதில்ல."

கடைசி வாக்கியத்தை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே ஒரு உதவியாகத்தான் சொன்னார். எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். தம்பி மனைவியோடு உட்காரலாம். தம்பி ஆற்றோடு போயிருந்தால் பழியும் அவனோடு போகும். இவளுடைய இருபத்திரண்டு வருஷ வேலைக்கு ஒரு கீறலும் விழாது.

"நானே போறேன் சார். எண்ணிக்கையைப் படிக்கறேன். காரணம் விசாரணையிலன்னு சொல்றேன். இந்தக் கடைசிப் பத்தியைப் படிக்க மாட்டேன்."

ஜெனரல் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"கேள்வி கேட்டா?"

"கேட்டா, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுவேன்."

"உங்க தலையிலயே மண்ணை வாரிப் போட்டுக்குவீங்க. என் தலையிலயும் விழும்."

"விழும் சார்."

"உத்தரவுன்னு சொன்னா?"

"எழுத்துல குடுங்க சார். அதையும் கொண்டுபோய் மேஜையில வெச்சுக்கிட்டுத்தான் பேசணும்."

அவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். திரும்ப மூடினார். "போங்க," என்றார்.

அந்த வார்த்தை அனுமதியா விரட்டலா என்று அவளுக்கு விளங்கவில்லை. விளக்கம் கேட்க நிற்காமல் வெளியே வந்தாள்.

கூட்ட அறையில் ஐம்பது நாற்காலி, நூறு பேர். மேஜைமேல் மைக்குகள் கொத்தாகக் கிடந்தன. முன்வரிசையில் வழக்கம்போல் அந்த மூத்த நிருபர். இருபது வருஷமாக ராணுவச் செய்தி எழுதுபவர். மூடின பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வாசனை பிடித்தே சொல்லிவிடுவார் என்று அவருக்கு 'மோப்பம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். தொழிலில் ஒருவரையொருவர் மதித்தார்கள். ஆனால் நிருபர் அவளிடம் ஒருநாளும் இரக்கம் காட்டியதில்லை.

அவள் எண்ணிக்கையைப் படித்தாள். பதினொரு பேர், ஏழு பேர், நான்கு பேர். பாலத்தில் பொதுமக்கள் யாரும் இல்லை, பேருந்து விழுந்தது என்று பரவும் செய்தி பொய். பெயர்கள் குடும்பத்தாருக்குச் சொன்ன பிறகு வரும்.

"காரணம்?" என்று பின்னாலிருந்து ஒருவர்.

"விசாரணைக்கு உத்தரவாகியிருக்கு."

மோப்பம் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கையை உயர்த்தினார்.

"கர்னல், நேத்து சாயங்காலம் வரைக்கும் அந்தப் பாலத்துல ஒரு நேரத்துக்கு ஒரு லாரிதான் போச்சு. நான் அங்கதான் இருந்தேன். இன்னைக்குக் காலையில கேமரா வந்த நேரத்துல மட்டும் மூணு எப்படி வந்துது?"

சுவரோரம் ஜெனரலின் உதவியாளர் நின்றிருந்தார். கமா கதவருகே கையில் காகிதக் கட்டோடு நின்றிருந்தார். 'விசாரணை நடப்பதால் கருத்துச் சொல்ல இயலாது' என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அதற்கு ஓட்டையே கிடையாது. அதை அவள் எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறாள்.

"நான் கேட்டேன்," என்றாள். "மூணு லாரி வரிசையா போனா படம் நல்லா வரும்னு நேத்து ஒரு குறிப்பு எழுதினேன். கையெழுத்து என்னுது. ஒரு வண்டிதான் தாங்கும்னு பொறியாளர் பிரிவு இன்னைக்குக் காலையில எழுத்துல சொல்லியிருக்கு. எனக்குத் தனியாவும் ஏழு பத்துக்குத் தகவல் வந்துது. நிறுத்தச் சொல்ல எனக்கு ரெண்டரை மணி நேரம் இருந்துது. நான் சொல்லல."

யாரும் எழுதவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் எல்லோரும் எழுதினார்கள்.

"அதுக்கு அப்புறமும் அனுமதி குடுத்தது யாரு?" என்றார் மோப்பம்.

"அதை விசாரணையில அவங்கவங்க சொல்லணும். நான் செஞ்சதை நான் சொல்லிட்டேன்." தண்ணீர் டம்ளரை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள். "இன்னொண்ணு. சாயங்காலம் மேல்பக்கம் இன்னொரு பாலம் தயாராகும். அதுல வண்டி எதுவும் போகாது. நடக்கறவங்க மட்டும், ஒரு தடவைக்கு இருபது பேர். இது பொறியாளர் பிரிவு சொன்ன கணக்கு. அதை யாரும் மாத்த மாட்டாங்க. அக்கரையில இருக்கறவங்களுக்கு இதைப் போட்டுக் காட்டுங்க."

வெளியே வந்ததும் கமா அவளைக் கழிவறைக் கதவுவரை கொண்டுபோய் விட்டார். அவள் உள்ளே போய் வாந்தி எடுத்தாள்.

ஜெனரல் பயந்தது பாதி நடந்தது. அக்கரையில் ஒரு மணி நேரம் யாரும் பாலத்தில் ஏறவில்லை. பிறகு ஒரு கிழவர், "தப்பை ஒத்துக்கிட்டாங்கல்ல, இனிமே ஜாக்கிரதையா இருப்பாங்க" என்று சொல்லி முதல் ஆளாக நடந்தாராம். விடிவதற்குள் மூவாயிரம் பேர் வந்தார்கள்.

தம்பி பிற்பகல் ஒன்று நாற்பதுக்குக் கிடைத்தான். ஆறு போகும் திசையில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, சாய்ந்து கிடந்த மரத்தின் கிளையில் பெல்ட்டால் தன்னைக் கட்டிக்கொண்டு கிடந்தான். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. சிப்பாய்கள் இருவரும் அதற்கு முன்பே கரையொதுங்கி உயிர் பிழைத்திருந்தார்கள். டிரைவர் மறுநாள் காலையில் லாரிக்குள்ளேயே கிடைத்தார், இறந்து.

மூன்றாம் நாள்தான் தம்பியைப் பார்க்க விட்டார்கள். அதற்குள் அவளைப் பதவியிலிருந்து விலக்கி வைத்திருந்தார்கள். சீருடை இல்லாமல், சாதாரணப் புடவையில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தம்பி மனைவி அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

தம்பியின் கால் உயரே கட்டப்பட்டிருந்தது. முகம் முழுக்கச் சிராய்ப்பு.

"நீ பேசினதைக் காட்டினாங்க," என்றான். "ஏழு பத்துக்கே கேட்டுட்டியா?"

"கேட்டேன்டா."

"நீ கேக்கவே இல்லன்னுதான் நினைச்சேன். மரத்துல தொங்கும்போதுகூட அப்படித்தான் நினைச்சேன். பாவம், அக்கா போனைப் பாத்திருக்க மாட்டா, தெரிஞ்சா உடைஞ்சு போவாளேன்னு."

அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு நிமிஷ வேலை அக்கா அது."

"ஆமாம்."

"டிரைவரை எனக்கு ஒன்பது வருஷமா தெரியும். நான் கத்தினதைக் கேட்டுட்டான். பிரேக் போட்டான். நிறுத்தாம போயிருந்தா தாண்டியிருப்பானோ என்னவோ." அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். "இப்ப போ அக்கா. எனக்கு உன்கிட்ட பேச முடியல."

அவள் போனாள். அடுத்த நான்கு மாதம் அவன் அவளிடம் பேசவில்லை. தம்பி மனைவிதான் இடையில் நின்று, அவன் நடக்கத் தொடங்கியதையும் பாப்பாவுக்குப் பல் விழுந்ததையும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விசாரணை ஏழு வாரம் நடந்தது. ஜெனரல் வந்து, பச்சை மைக் கையெழுத்து தன்னுடையது என்று ஒரே வாக்கியத்தில் ஒத்துக்கொண்டு, அடுத்த நாளே ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தார். வெளியே வராந்தாவில் அவளைத் தாண்டிப் போனபோது நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று அவளும் நின்றாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அவளுக்கு எழுத்தில் கண்டனம், பதவி உயர்வு ரத்து, ஆவணப் பிரிவுக்கு மாற்றம். பொறியாளர் பிரிவின் மேல் தவறில்லை என்று தீர்ப்பானது.

ஆவணப் பிரிவு அடித்தளத்தில் இருந்தது. பழைய கோப்புகளுக்கு எண் போடும் வேலை. அங்கே போன் ஒன்றுதான், அதுவும் வாரத்துக்கு இரண்டு தடவை அடிக்கும். சில நாள் அந்த அமைதி இதமாக இருந்தது. சில நாள் மணி ஏழு பத்தைத் தாண்டும்வரை அவளால் காப்பி டம்ளரைக் கையில் எடுக்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு மணி அடித்தது. தம்பி, ஊன்றுகோலோடு வாசலில் நின்றிருந்தான்.

"காரை எடு," என்றான். "டிரைவர் வீட்டுக்குப் போகணும். என்னால இன்னும் ஓட்ட முடியாது."

"நானும் உள்ளே வரணுமா?"

"பின்னே, கார்லயே உக்காரப் போறியா?"

ஒன்றரை மணி நேர வழி. இடது பக்கம் திரும்பு, மெதுவாகப் போ என்பதைத் தவிர அவன் வேறு பேசவில்லை. ஆனால் பாதி வழியில் அவள் பக்கம் வெயில் அடித்தபோது, கையை நீட்டி மறைப்பை இறக்கிவிட்டான்.

டிரைவரின் மனைவி தையல் வேலை செய்பவள். கூடத்தில் பாதியை மிஷின் அடைத்துக்கொண்டிருந்தது. தம்பியை "வாங்கண்ணா" என்றாள். கர்னலைப் பார்த்து ஒரு கணம் நின்றுவிட்டு, துணிகளை ஒதுக்கி இடம் செய்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கர்னல் வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்து வந்திருந்தாள். பதினெட்டு வருஷம் வார்த்தையால் பிழைத்தவளுக்கு அந்தக் கூடத்தில் ஒரு வார்த்தையும் கூடிவரவில்லை.

"என்னை மன்னிச்சுடுன்னு கேக்க வரல," என்றாள் கடைசியில். "கேக்கற யோக்கியதை எனக்கு இல்ல. உன் முகத்தைப் பாக்காம இருக்கக் கூடாதுன்னு வந்தேன்."

டிரைவரின் மனைவி மிஷினில் கிடந்த துணியை மடித்தாள். பிறகு திரும்ப விரித்தாள்.

"அன்னைக்கு நீங்க பேசினதைப் பாத்தேன். என் மாமியார் உங்களைத் திட்டினாங்க. நானும் திட்டினேன். இப்பவும் சில நேரம் திட்டுவேன்."

"திட்டு."

"ஆனா ஒண்ணு, யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம இருந்தேன்." அவள் அலமாரியிலிருந்து ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து வந்தாள். கணவனின் படம் இருந்த பக்கம். "இதுல அவருக்கு நாப்பத்தி மூணு வயசுன்னு போட்டிருக்காங்க. அவருக்கு முப்பத்தி நாலுதான். அந்தப் பேப்பருக்கு ரெண்டு தடவை லெட்டர் போட்டேன். பதிலே இல்ல. எங்க பையன் வளந்து இதை எடுத்துப் படிப்பான். அப்பா வயசான ஆளுன்னு நினைச்சுக்குவான். சின்ன விஷயம்தான். உங்களுக்குப் பேப்பர்காரங்களைத் தெரியுமேன்னு கேக்கறேன்."

கர்னல் செய்தித்தாளை வாங்கிப் பார்த்தாள். மோப்பத்தின் பெயர் போட்ட செய்தி. எண் இடம் மாறியிருந்தது. அவளுடைய பழைய அலுவலகத்திலிருந்து போன தாளிலேயே மாறியிருக்கலாம். அன்று அவசரத்தில் யாரும் சரிபார்க்கவில்லை.

அவள் அங்கேயே உட்கார்ந்து போன் போட்டாள். நிருபர் எடுத்ததும், "ராணுவம் சார்பா பேசல, நானா பேசறேன்," என்று தொடங்கினாள்.

"எந்தத் தேதி, எத்தனாவது பக்கம்?" என்றார் அவர். சொன்னாள். அவர் எழுதிக்கொள்வது கேட்டது. "பிறந்த தேதி கேளுங்க. இந்தத் தடவை சரியா போடணும்."

டிரைவரின் மனைவி தேதியைச் சொன்னாள். கர்னல் அதை ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பிறகு அவரைத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டாள். தம்பி ஊன்றுகோலின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை ஏழாம் பக்கத்தின் அடியில் இரண்டு வரியில் திருத்தம் வந்தது.